டர்போ-ஐடி: டெங்கு என்எஸ்5-இன் கூட்டாளிப் பட்டியலில் ஸ்டாட்2 மட்டும் வரவே இல்லை, உதவுங்கள்

கேட்டவர்: பெட்ரிதட்டு

வணக்கம். ஆராய்ச்சிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. டெங்கு வைரஸ் வகை 2-இன் என்எஸ்5 புரதம் மனித செல்லுக்குள் யார் யாரோடு ஒட்டி உறவாடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக என்எஸ்5-இன் வால் பக்கம் (சி முனை) டர்போ-ஐடியையும் (பக்கத்தில் வரும் புரதங்கள் மேல் பயோட்டினை ஒட்டும் நொதி) வி5 அடையாளத்தையும் (எதிர்ப்பொருளால் கண்டுபிடிக்க உதவும் சிறு துண்டு) சேர்த்த பிளாஸ்மிட் (செல்லுக்குள் போடும் வட்ட டிஎன்ஏ) ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. எச்ஈகே 293டி என்ற மனித செல்களில் போட்டு, 500 மைக்ரோமோலார் பயோட்டின் கொடுத்து, 10 நிமிடம் கழித்து ஒருமுறை கழுவி, செல்லை உடைத்து, பயோட்டின் ஒட்டியதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய மணிகளில் (பீட்ஸ்) பிடித்தேன்.

சிக்கல்கள்:

பிளாஸ்மிட் போடாத வெறும் செல்லிலும் பிளாட்டில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, பயோட்டின் உள்ளவற்றை ஸ்ட்ரெப்டாவிடினால் காட்டும் சவ்வு) 75, 130 கிலோடால்டன் பக்கம் பளிச்சென்று பட்டைகள். பயோட்டின் கொடுக்காத லேனிலும் மங்கலாக இழுவல். பீட்ஸில் கிடைப்பதோ சொற்பம். இதெல்லாம் போகட்டும், என்எஸ்5 ஸ்டாட்2-வைப் (இன்டர்ஃபெரான் எச்சரிக்கையைக் கடத்தும் மனிதப் புரதம்) பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மாஸ் ஸ்பெக் (பீட்ஸில் சிக்கிய புரதங்களை அடையாளம் காட்டும் கருவி) பட்டியலில் அதுவே இல்லை! மூன்று முறை செய்துவிட்டேன். பிளாட்டை பால்பவுடர் கரைசலில் பிளாக் செய்தேன் (வெற்றிடங்களை மூடினேன்).

பதில்: பழைய_பிப்பெட்

முதலில் அந்தப் பட்டைகளுக்குப் பயப்படாதீர்கள். மனித செல்லிலேயே இயல்பாகப் பயோட்டின் ஒட்டிய சில நொதிகள் உண்டு. 130 பக்கம் தெரிவது பைருவேட் கார்பாக்சிலேஸ், 75 பக்கம் புரோப்பியோனைல், மெத்தில்குரோட்டோனைல் கார்பாக்சிலேஸ்கள். எந்த செல்லை எடுத்தாலும் வந்து நிற்கும். ஆனால் ஒன்று: உங்கள் இணைப்புப் புரதமே கிட்டத்தட்ட 140 வரும் (என்எஸ்5 சுமார் 104, டர்போ-ஐடி 35). அது தன்மேலேயே பயோட்டின் ஒட்டிக்கொள்ளும். 130-ஐப் பார்த்து "என் புரதம் வந்துவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள், வி5 எதிர்ப்பொருளால் தனியாகப் பாருங்கள்.

பால்பவுடரை விட்டுவிடுங்கள். பாலிலேயே பயோட்டின் இருக்கிறது, ஸ்ட்ரெப்டாவிடினை அதுவே தின்றுவிடும். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போதும்.

பயோட்டின் கொடுக்காத லேனின் இழுவல் டர்போ-ஐடியின் பிறவிக்குணம். 2012-இல் வந்த பழைய பயோ-ஐடிக்கு 18 மணி நேரமாவது வேண்டும். 2018-இல் வந்த இது பத்தே நிமிடத்தில் வேலையை முடிக்கிறது; அந்த வேகத்துக்கு விலையாக சீரத்தில் இருக்கும் கொஞ்சம் பயோட்டினையும் எடுத்துக்கொள்கிறது. பின்னணி குறைய வேண்டுமென்றால் மினி-டர்போவை (இதன் சிறிய வடிவம்) யோசியுங்கள்.

பதில்: மணிகள்_நனைந்தன

பீட்ஸில் சொற்பமாக வருவதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ஒருமுறைதான் கழுவியிருக்கிறீர்கள். 500 மைக்ரோமோலார் என்பது பயோட்டின் குளம். மிஞ்சிய பயோட்டின் லைசேட்டோடு (செல்லை உடைத்த சாறு) வந்து பீட்ஸில் எல்லா இடத்தையும் பிடித்துவிடும், உங்கள் புரதங்களுக்கு உட்கார இடமில்லை. ஸ்ட்ரெப்டாவிடின் பிடித்ததை விடாது, அதுதான் அதன் பெருமை, இங்கே அதுவே வினை. பனிக்குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) ஐந்து முறை கழுவி, லைசேட்டை உப்பு நீக்கும் காலத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பீட்ஸ் பிடிக்காமல் விட்ட கழிவையும் பிளாட்டில் போடுங்கள். அதில் சிக்னல் மிச்சமிருந்தால் பீட்ஸ் நிரம்பிவிட்டது என்று பொருள்.

கட்டுப்பாடாக எதை வைத்தீர்கள்? என்எஸ்5 வகை 2-இல் பெரும்பாலும் உட்கருவில் உட்காரும். செல் முழுக்க மிதக்கும் வெறும் டர்போ-ஐடியோடு ஒப்பிட்டால், உட்கருவில் பக்கத்தில் இருந்த எல்லாரும் "கூட்டாளி" ஆகிவிடுவார்கள். உட்கருவுக்கு அனுப்பிய டர்போ-ஐடி வேண்டும்.

(மனிதனைத் தாக்கும் வைரஸைப் பிடிக்க ஈ. கோலையின் நொதியிலிருந்து வந்த டர்போ-ஐடி, மண் பாக்டீரியாவின் ஸ்ட்ரெப்டாவிடின். எனக்கு இது இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.)

கேட்டவர்: பெட்ரிதட்டு

நன்றி! கழிவில் சிக்னல் கொட்டிக் கிடந்தது. கழுவி, உப்பு நீக்கியதும் பீட்ஸ் நன்றாக வேலை செய்கிறது. கட்டுப்பாட்டையும் மாற்றிவிட்டேன். ஆனால் ஸ்டாட்2 இன்னும் இல்லை.

பதில்: கடைசி_லேன்

தம்பி, ஒரு கேள்வி. என்எஸ்5-இன் முன்பக்கம் (என் முனை) என்ன இருக்கிறது? பிளாஸ்மிட் வரைபடத்தைப் பாருங்கள். அப்புறம் பீட்ஸில் போடுமுன் எடுத்து வைத்த லைசேட்டில் ஸ்டாட்2 எவ்வளவு இருக்கிறது? அதை யாரும் பார்ப்பதில்லை.

கேட்டவர்: பெட்ரிதட்டு

அண்ணா, முன்னால் யுபிக்விட்டின் (ஒரு சிறு புரதம்) இருக்கிறது. லைசேட்டில் ஸ்டாட்2 வெறும் செல்லைவிடப் பாதிக்கும் கீழே! நான் லோடிங் பிழை என்று நினைத்திருந்தேன்.

பதில்: கடைசி_லேன்

அதேதான். என்எஸ்5 ஸ்டாட்2-வைப் பிடிப்பதோடு நிற்காது, ப்ரோட்டியசோமுக்கு (புரதங்களை அரைத்து அழிக்கும் செல் இயந்திரம்) அனுப்பி அழிக்கவும் செய்யும், யுபிஆர்4 என்ற செல்லின் சொந்தப் புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு. வைரஸ் வந்தால் செல் எழுப்பும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை வாயடைக்கும் வழி அது. அழிப்பதற்கு என்எஸ்5-இன் முன்முனை சரியாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். வைரஸில் அந்த வெட்டை அதன் புரோட்டியேஸ் செய்கிறது, உங்கள் பிளாஸ்மிட்டில் யுபிக்விட்டினை செல்லே வெட்டித் தருகிறது. யாரோ யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். முன்னால் யுபிக்விட்டின் இல்லாமல், வெறும் மெத்தியோனினோடு (புரதம் வழக்கமாகத் தொடங்கும் அமினோ அமிலம்) தொடங்கும் என்எஸ்5 ஸ்டாட்2-வைப் பிடிக்கும், ஆனால் அழிக்காது.

ஆக, உங்கள் சோதனை தோற்கவில்லை. பிடிபட வேண்டியவரே உயிரோடு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யுங்கள்: யுபிக்விட்டினோடு ஒன்று, மெத்தியோனினோடு ஒன்று. முதலாவதற்கு எம்ஜி132 (ப்ரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து) கொடுத்த ஒரு தட்டும் வையுங்கள், சில மணி நேரம் போதும், அதிகமானால் செல் செத்துவிடும். தவறியும் எலி செல்லுக்கு மாறாதீர்கள், எலியின் ஸ்டாட்2-வை என்எஸ்5 பிடிக்காது.

கேட்டவர்: பெட்ரிதட்டு

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மெத்தியோனின் கட்டமைப்பில் பீட்ஸிலிருந்து ஸ்டாட்2 பட்டை 113 பக்கம் சுத்தமாக வந்தது. யுபிக்விட்டின் கட்டமைப்பில் எம்ஜி132 இல்லாமல் ஒன்றுமில்லை, கொடுத்தால் மங்கலாகத் தெரிகிறது. அடுத்த வாரம் இரண்டையும் மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்புகிறேன். அந்த 130 பட்டையை இன்னும் ஒருவர் என்னிடம் "உன் புரதமா?" என்று கேட்டார், பைருவேட் கார்பாக்சிலேஸ் கதையைச் சொல்லி அனுப்பினேன்.