டி.என்.ஏ. கோப்பை ஜெட்மேட்ச்சில் ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன வருடம் பூர்விகம் பார்க்கும் டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டேன். அதில் கிடைத்த டி.என்.ஏ. தரவுக் கோப்பை, மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு உறவினர்களைத் தேடித்தரும் ஜெட்மேட்ச் (GEDmatch) தளத்தில் ஏற்றலாமா என்று யோசனை. அடையாளம் தெரியாமல் கிடக்கும் யாரோ ஒருவருக்குப் பெயர் கிடைக்க உதவுமே என்றுதான்.

உதாரணத்துக்கு, 1948இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கடற்கரையில் இறந்து கிடந்தவர் கார்ல் வெப் என்று 2022இல்தான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவர் முகத்தை வைத்துப் போலீஸ் எடுத்த பிளாஸ்டர் அச்சில் ஒட்டியிருந்த தலைமுடிதான் துப்பு! அதை வைத்துத் தூரத்துச் சொந்தங்களைத் தேடி, வம்சாவளி போட்டு ஆளைப் பிடித்தார்கள்.

என் சந்தேகமே வேறு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம்தான். அப்பாவும் அம்மாவும்கூட அப்படித்தான். அப்படியிருந்தால் தூரத்து உறவும் நெருங்கிய உறவு மாதிரி காட்டுமே, அதை எப்படிக் கழித்துப் பார்ப்பது?

அப்புறம், ஜெட்மேட்ச்சில் குற்ற வழக்குகளுக்காகப் போலீஸ் நம் கோப்பை ஒப்பிட்டுப் பார்க்க 2019 முதல் நாமே சம்மதம் தரவேண்டுமாம். நான் தந்தால் தம்பியையும் சேர்த்துத்தானே காட்டிக்கொடுக்கும்? அவன் இப்போதே முறைக்கிறான். நீங்கள் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினீர்களா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.