கொடைக்கானல் ஏரிச்சாலையில் நடப்போர், மிதிவண்டி, குதிரை: யோசனை தேவை

1863இல் உருவான கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையில், நடப்போரும் வாடகை மிதிவண்டிகளும் சவாரிக் குதிரைகளும் ஒன்றாகவே செல்வதால், என் அம்மாவின் காலை நடை நின்றுபோயிருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வளைவில், பின்னாலிருந்து ஓசையின்றி வந்த மிதிவண்டி சட்டென மணியடித்ததும், குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ள, ஒதுங்கிய அம்மா கம்பிவேலியில் மோதி மணிக்கட்டு வீங்கிவிட்டது. நேர் பின்னால் வருவது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, வேகம் குறைத்து வந்தால் போதும் என்கிறார்கள் குதிரைக்கார அண்ணன்கள். வாடகைக் கடைகளில் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தினமும் புதிய சுற்றுலாப் பயணிகள். மனுவுக்குப் பதில் இல்லை. விடியற்காலையில் நடந்தால் மூடுபனி.

வண்டி எடுக்கும் இடத்திலேயே புதியவர்களுக்கு இந்த ஒழுங்கைச் சொல்லித்தர, உங்கள் ஊரில் பலன் தந்த வழி எது?