பார்வை போன பிறகும் கணக்கு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். காசநோய் மூளைச்சவ்வுக்குப் பரவி, பிழைப்பானா என்று தவிக்க வைத்தான் என் தம்பி. உயிர் தப்பியது. பார்வை நரம்பு கெட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

முன்பு கணக்கு வேலை பார்த்தவன். இப்போது என்விடிஏ பழகிவிட்டான். பார்வையற்ற ஒருவரே 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். மவுஸே தொடுவதில்லை. எக்செல்லில் அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கட்டமும் காதில் ஒலிக்கிறது. அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவன் கூட்டல் பிழையைப் பிடித்துவிடுகிறான்! சிக்கல், ஸ்கேன் செய்த பில்கள்தான். படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டால் எழுத்து வருகிறது, எண்கள் இடம் மாறிவிடுகின்றன.

"ஏதாவது போன் எடுக்கிற வேலை பாருங்களேன்" என்கிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் இவன் மனசு கணக்கில் இருக்கிறது.

பார்வையில்லாமல் கணக்கு, டேட்டா வேலை செய்பவர்களே, அந்த பில்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நேர்காணலுக்கு முன்பே பார்வை பற்றிச் சொல்லிவிடுவதா? இணையதளங்களைத் திரைவாசிப்பானில் சோதிக்கும் வேலைக்கு டபிள்யூசிஏஜி விதிகளை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான விதிகள்) எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? அவனோடு பேச முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அவனே கூப்பிடுவான்.