வாக்கிங் ஆப் டிசைன்ல பிரைவசிய எங்க வைக்கறது?

வயர்ஃப்ரேம்வாசி:
வணக்கம் மக்களே, நடக்கறவங்க ஓடுறவங்களுக்கான ஒரு ஆப்புக்கு யூஐ, அதாவது ஸ்க்ரீன் டிசைன், பண்ணிட்டிருக்கேன். இப்போதைக்கு ஆப்ப திறந்ததுமே லொக்கேஷன், கான்டாக்ட்ஸ், நோட்டிஃபிகேஷன் மூணையும் வரிசையா கேக்குது. நடந்த ரூட் டீஃபால்ட்டா எல்லாருக்கும் தெரியும், வேணாம்னா செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கலாம். எனக்கு இது சரியாப் படல, ஆனா மேனேஜர் "கீழ பிரைவசி பாலிசி லிங்க் இருக்குல்ல, ஒத்துக்கிட்டுதான உள்ள வர்றாங்க"ன்னு பேச்ச முடிச்சிட்டார். எதை முதல்ல மாத்தச் சொல்லலாம்? சும்மா "தப்பு சார்"னா எடுபடாது.

டீஃபால்ட்தாசன்:
பாலிசி லிங்க் வாதத்துல இருந்தே ஆரம்பிங்க. 2008லயே மெக்டொனால்ட், கிரேனர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுட்டாங்க, ஒருத்தர் தான் போற சைட்டோட பாலிசி எல்லாத்தையும் படிச்சா வருஷத்துக்கு சுமார் 244 மணி நேரம் ஆகுமாம். யாரும் படிக்கறதில்லன்னு உங்க மேனேஜருக்கும் தெரியும்.

அப்புறம் டீஃபால்ட். ஓடுறவங்க ரூட்ட பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப், 2017 கடைசில எல்லாரோட ரூட்டையும் ஒண்ணா சேத்து, பேர் எதுவும் இல்லாம ஒரு ஹீட்மேப் (அதிகமா ஓடின பாதை பளிச்னு தெரியற மேப்) விட்டாங்க. 2018 ஜனவரில பாத்தா ராணுவ முகாமுக்குள்ள சிப்பாய்ங்க ஓடின பாதை அதுல பளிச்னு தெரியுது! அவங்க யாரும் ரகசியத்த வெளியிடணும்னு நினைச்சு எதையும் அமுக்கல, ஷேரிங்க ஆஃப் பண்ணாம விட்டாங்க, அவ்ளோதான். ஐரோப்பால யூசர் இருந்தா அங்க இருக்கற டேட்டா பாதுகாப்பு சட்டமான ஜிடிபிஆரோட 25வது பிரிவையும் காட்டுங்க, யூசர் தானா எதுவும் செய்யாம அவர் டேட்டா ஊருக்கே தெரியற மாதிரி டீஃபால்ட் இருக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு.

பழைய_யூஎக்ஸ்காரி:
மேல சொன்னது சரிதான், ஆனா டீஃபால்ட்ட மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். யார் பாக்கறாங்கன்னு யூசருக்கு அந்த நேரத்துல தெரியணும். பெல்லோட்டி, செல்லன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1993லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க, அப்ப ஜெராக்ஸோட ஆராய்ச்சிக் கூடத்துல ரூமுக்கு ரூம் கேமரா வெச்சு எல்லாரையும் இணைச்சிருந்தாங்க, அதை வெச்சு அவங்க கேட்ட கேள்விங்க இன்னைக்கும் பொருந்தும்: என்ன பதிவாகுது, அது எங்க போகுது, யார் கைக்குக் கிடைக்கும், எதுக்கு. இதுக்கெல்லாம் பதில் கண்ணுக்குத் தெரியணும், மாத்தற வசதியும் அங்கயே இருக்கணும். உங்க ஆப்ல நடந்து முடிச்சதும் சேவ் பட்டனுக்குப் பக்கத்துலயே "இதை நண்பர்கள் மட்டும் பாப்பாங்க"ன்னு போட்டு, மத்தவங்களுக்கு மேப் எப்படித் தெரியுமோ அப்படியே காட்டுங்க.

பர்மிஷன மொத்தமா கேக்கறது பழைய கத. ஆண்ட்ராய்டே 2015ல 6வது வெர்ஷன்ல அதை விட்டுட்டு தேவைப்படும்போது கேக்கற முறைக்கு வந்துடுச்சு. லொக்கேஷன, ஸ்டார்ட் அமுக்கும்போது கேளுங்க, ஏன் கேக்கறீங்கன்னு சொல்லாமலே புரியும்.

பேக்எண்ட்_பூதம்:
ஒண்ணு விட்டுட்டீங்க, வீடு. நிறைய பேர் வீட்டுவாசல்லயே ஸ்டார்ட் அமுக்குவாங்க. அதை மறைக்க வீட்டைச் சுத்தி வட்டம் போட்டு அதுக்குள்ள வர்ற பகுதிய வெட்டறது வழக்கம், ஆனா வட்டத்துக்கு நடுவுல வீடு இருந்தா பிரயோஜனமே இல்ல, வெவ்வேற பக்கம் போன மூணு ரூட் எங்க வெட்டுப்படுதுன்னு பாத்தா போதும், மூணு புள்ளி வழியா ஒரு வட்டம்தான் வரைய முடியும், அதோட நடுப்புள்ளி வீடு! அதனால மையத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க, ஒரு தடவ தள்ளினத அப்படியே விட்டுடுங்க. ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா தள்ளினா சராசரி எடுத்தே கண்டுபிடிச்சிடுவான். இன்னொரு ஓட்டை, மேப்ல வெட்டிட்டு மொத்த தூரத்த மட்டும் முழுசா காட்டறது. கழிச்சுப் பாத்தா மறைச்ச நீளம் வந்துடும்.

வயர்ஃப்ரேம்வாசி:
அடேங்கப்பா, மூணு புள்ளி மேட்டர் செம. கான்டாக்ட்ஸ் பத்தியும் சொல்லுங்க, நம்பர ஹாஷ் பண்ணி, அதாவது திருப்பி நம்பரா மாத்த முடியாத குறியீடா ஆக்கி அனுப்பினா யாருக்கும் தெரியாதுன்னு டீம்ல சொல்றாங்க.

பேக்எண்ட்_பூதம்:
தெரியும். பத்து இலக்க நம்பர்னு வெச்சுக்கங்க, மொத்தமே 1000 கோடி சேர்க்கைதான், ஷா-256 மாதிரி வேகமான ஹாஷ்னா ஒரு கிராபிக்ஸ் கார்டு போதும், எல்லா நம்பருக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுடலாம்.

டீஃபால்ட்தாசன்:
நண்பர்களச் சேக்க முழு அட்ரஸ் புக் எதுக்குங்க, யூசரே ஒரு இன்வைட் லிங்க் அனுப்பட்டுமே. 2010ல கூகுள் விட்ட பஸ் (Buzz)ங்கற சோஷியல் நெட்வொர்க், ஜிமெயில்ல அடிக்கடி பேசறவங்கள தானாவே ஃபாலோ லிஸ்ட்ல போட்டு அதைப் பப்ளிக்காவும் வெச்சுது, யார் யாரோட தொடர்புல இருக்காங்கன்னு வெளிய வந்து பெரிய ரகளை. மறு வருஷம் கூகுள், அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி கூட சமரசம் போட்டு 20 வருஷத்துக்கு வெளியாள் தணிக்கைக்கு ஒத்துக்கிட்டாங்க. மேனேஜருக்கு இந்த 20 வருஷத்த மட்டும் சொல்லுங்க.

பழைய_யூஎக்ஸ்காரி:
அப்படியே ஷேரிங் ஆஃப் பண்ற இடத்தையும் பாருங்க. ஆன் பண்ண ஒரு தட்டு, ஆஃப் பண்ண நாலு ஸ்க்ரீன்னு பண்ணிடாதீங்க.

வயர்ஃப்ரேம்வாசி:
இப்ப அஞ்சு ஸ்க்ரீன் இருக்கு 🙈 வியாழக்கிழமை மீட்டிங், முதல்ல ஹீட்மேப்பக் காட்டறேன்.