மறு: ஆல்ஃபிரட் காலத்துப் ‘புர்ஹ்’, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ‘புர்ஹ்’ (burh) என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு நம் அகரமுதலியில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘கோட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கோட்டை என்றதும் அரசனோ தளபதியோ படையோடு தங்கும் இடம்தான் மனத்தில் வரும். ஒன்பதாம் நூற்றாண்டில், தென் இங்கிலாந்திலிருந்த வெசெக்ஸ் நாட்டின் மன்னர் ஆல்ஃபிரட் அமைத்த புர்ஹ், மதிலோ மண்கரையும் அகழியுமோ சூழ்ந்த குடியிருப்பு. பெரியவற்றில் உள்ளே தெருக்கள், சந்தை, நாணயம் அடிக்கும் அக்கசாலை எல்லாம் உண்டு.

அவர் ஏன் இதைச் செய்தார் என்று பார்க்க வேண்டும். 865இல் கரையிறங்கிய டேனியப் பெரும்படை பத்தாண்டுக்குள் நார்தம்பிரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா என்ற மற்ற மூன்று ஆங்கில அரசுகளையும் சாய்த்துவிட்டது. 871இல் பட்டத்துக்கு வந்த ஆல்ஃபிரட் முதலில் பணம் கொடுத்துத்தான் அவர்களை வெளியேற்றினார். 878 ஜனவரியில், கிறிஸ்துமஸ் நாள்கள் முடிந்த கையோடு, டேனியத் தலைவன் குத்ரமின் படை வெசெக்ஸின் சிப்பனம் என்ற ஊரைப் பிடித்தது. மன்னர் சிறு கூட்டத்தோடு சாமர்செட் சதுப்பு நிலத்தில், ஆதல்னியில் பதுங்க வேண்டியதாயிற்று. மே மாதம் எடிங்டனில் வென்றார். குத்ரம் திருமுழுக்குப் பெற்றபோது ஆல்ஃபிரடே ஞானத்தந்தையாக நின்றார். ஆனாலும் குதிரையிலும் கப்பலிலும் விரைந்து வருகிறவன், இவர்கள் ஊர் ஊராக ஆள் திரட்டி முடிப்பதற்குள் ஓர் இடத்தைப் பிடித்து அரண் போட்டு உட்கார்ந்துவிடுகிறான் என்ற சிக்கல் தீரவில்லை. நாடெங்கும் காவலுள்ள ஊர்கள் இருந்தால் அவன் உட்கார இடம் கிடைக்காது, ஓடி ஒளிய மக்களுக்கு இடம் கிடைக்கும். புர்ஹின் வேலை அதுதான்.

> நம்மிடம் ‘பாளையம்’ இருக்கிறதே?

அழகான சொல்தான். ஆனால் பாளையம் ஒரு பாளையக்காரரின் கையில் இருப்பது. புர்ஹ் மன்னரின் திட்டத்தில் ஒரு கண்ணி. அதைக் காப்பவர்கள் சுற்றுவட்டார நிலங்கள் அனுப்பும் ஆட்கள். ஆல்ஃபிரடின் மகன் எட்வர்ட் காலத்துப் பட்டியல் ஒன்றில் சுமார் 30 ஊர்களுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. நிலத்தை ‘ஹைடு’ என்ற அலகில் கணக்கிட்டு, ஒரு ஹைடுக்கு ஓர் ஆள் என்றும், 16.5 அடி மதிலுக்கு நான்கு ஆள் என்றும் வைத்திருக்கிறார்கள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைடு. அப்படியென்றால் 2,400 பேர், 9,900 அடி மதில். அந்நகரின் ரோமானிய மதிலை இன்று அளந்தாலும் ஏறத்தாழ அதே நீளம்தான் வருகிறது! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசு நிலத்தையும் ஆளையும் மதிலையும் இவ்வளவு துல்லியமாக முடிச்சுப் போட்டிருக்கிறது. நாம் ஆக்கும் சொல்லில் ஊரும் தெரிய வேண்டும், காவலும் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

> புர்ஹ், புரம் இரண்டும் ஒரே வேர் போலிருக்கிறது. ‘புரம்’ பொருந்தாதா?

ஒலி ஒற்றுமை தற்செயலானது. இரண்டுக்கும் வேர் வேறு. இதை இழையில் மேலும் வளர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பரிந்துரை ‘அரணூர்’. “கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி அகத்தார் நிலைக்கெளிதாம் நீரது அரண்” என்கிறது குறள். பிறர் கைப்பற்ற அரிது, உள்ளே உணவு உண்டு, உள்ளிருப்பவர் நின்று காக்க எளிது. மூன்றும் புர்ஹுக்கு அப்படியே பொருந்துகின்றன. அரணூர்க் காவல், அரணூர்ச் சந்தை என்று தொடர்களும் இடறாமல் வருகின்றன.

ஹைடுக்கு நம் பழைய நில அளவான ‘வேலி’ வேண்டாம். வேலி என்பது இருபது மா, திட்டமான பரப்பு. ஹைடு ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்ற கருத்தில் பிறந்து வரிக்கணக்கு அலகாக மாறியது. மண்ணின் வளத்துக்கேற்பப் பரப்பு மாறும். ‘குடிநிலம்’ எனலாம். அந்தப் பட்டியலும் ‘அரணூர்க் குடிநிலக் கணக்கு’ ஆகிவிடும்.

இன்னொன்று பாக்கி: ‘ஃபிர்ட்’, அதாவது போருக்காக நாட்டு மக்களிலிருந்து திரட்டிய படை. சிலர் ‘மக்கள் படை’ என்று எழுதுகிறார்கள். அது இருபதாம் நூற்றாண்டுப் புரட்சிகளை நினைவூட்டுகிறது. ஆல்ஃபிரட் இதை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் களத்தில், பாதிப் பேர் வீட்டில் என்று முறை வைத்தார். அரணூர்க் காவலர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். நம் உரையாசிரியர்கள் சொல்லும் அறுவகைப் படையில் ‘நாட்டுப்படை’ இருக்கிறது. கூலிப்படையும் அல்லாமல், வழிவழி வரும் மூலப்படையும் அல்லாமல், நாட்டிலிருந்து திரள்வது. எனக்கு அது சரியென்றே படுகிறது. பழைய வகைப்பாட்டை அயல்நாட்டு அமைப்புக்கு எடுத்தாள்வதில் யாருக்கேனும் தடை இருந்தால், அகரமுதலியில் ஏற்றும் முன் எழுதுங்கள்.