கப்பலில் வந்த ஜப்பான் கார்: சவுத்தாம்டனில் பணம் கட்டி வெளியே எடுப்பது

ஜப்பானில் வாங்கிய பழைய காரை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் துறைமுகத்தில் எடுப்பது பற்றி நால்வர் பேசுகிறார்கள். பெயர்கள் எல்லாம் புனைபெயர்கள்.

பழைய ஸ்கைலைன்:
யோகோஹாமாவிலோ நகோயாவிலோ கப்பலேறிய கார் சவுத்தாம்டனில் இறங்க ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் பலரும் கப்பல் எந்தக் கடலில் மிதக்கிறது என்று போனில் பார்த்தபடி இருக்கிறார்கள். கப்பலை விடுங்கள், பில் ஆஃப் லேடிங் (காரை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் தாள்) யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் காரை விடமாட்டார். முழுப் பணமும் கைக்கு வரும்வரை ஏற்றுமதிக்காரர் அந்தத் தாளை விடமாட்டார்.

பணம் போய்ச் சேர்ந்தபின் இரண்டு வழி உண்டு. ஒன்று, அசலைக் கூரியரில் வரவழைப்பது. மற்றது, ஏற்றுமதிக்காரர் ஜப்பானிலேயே அசலைக் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்து, அசல் தாள் கேட்காமலே இங்கே காரை விடச் சொல்லும் ‘டெலக்ஸ் ரிலீஸ்’ வாங்கிவிடுவது. இரண்டாவதில் தாள் தொலையும் பயம் இல்லை. கூரியர் என்றால் கப்பலுக்கு ஒரு வாரமாவது முன்னால் கையில் இருக்க வேண்டும். ‘டு ஆர்டர்’ (கையெழுத்திட்டுக் கைமாற்றுவது) என்று எழுதிய பில் என்றால் பின்பக்கம் ஏற்றுமதிக்காரரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். வெற்று முதுகோடு வந்தால் திரும்ப ஜப்பானுக்குத்தான் போகும்.

சேசிஸ் எண்ணை பில், இன்வாய்ஸ், ஜப்பான் பதிவு நீக்கச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கப்பல் கடலில் இருக்கும்போதே திருத்தச் சொல்ல வேண்டும். கார் இறங்கியபின் திருத்தினால் கட்டணமும் உண்டு, திருத்தம் வரும்வரை நிறுத்துமிட வாடகையும் ஏறும்.

ஏஜென்ட் மேசை:
வரிக் கணக்கில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்றுதான். காரின் விலையில் 20 சதவீதம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு வருகிறார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை.

கார் 8,000 பவுண்டு, கப்பல் கூலி 1,100, காப்பீடு 100 என்று வையுங்கள். சுங்க மதிப்பு 9,200. சாதாரணமாகச் சுங்கத் தீர்வை 10 சதவீதம், அதாவது 920. அடுத்தது வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. அது காருக்கு மட்டும் இல்லை. 9,200, மேலே 920, அதற்கும் மேலே இங்கே இறக்கிக் கையாண்ட செலவு (300 என்று வைப்போம்), ஆக 10,420 மேல் 20 சதவீதம். 2,084 வருகிறது. இரண்டும் சேர்த்து 3,004 பவுண்டு. 1,600 போதும் என்று நினைத்தவருக்கு 1,404 துண்டு விழுகிறது.

கப்பல் கூலி கன மீட்டர் கணக்கு. 4.6 நீளம், 1.75 அகலம், 1.35 உயரம் என்றால் ஏறக்குறைய 10.9 கன மீட்டர். கூரையில் கேரியர் இருந்தால் அந்த உயரத்துக்கும் சேர்த்துத்தான் அளப்பார்கள். யென்னைப் பவுண்டாக மாற்றுவது பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. மாதாமாதம் வெளியிடும் விகிதத்தில். உங்கள் வங்கி கொடுத்த விகிதத்தை அங்கே காட்டிப் பயனில்லை.

ஜப்பானோடு 2021 முதல் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, தீர்வை குறையாதா என்று கேட்பார்கள். குறையும். ஆனால் கார் ஜப்பானில் தயாரானது என்பதற்கு ஒப்பந்தம் கேட்கும்படி ஆதாரம் வேண்டும். ஏலத்தில் வாங்கி அனுப்புபவரிடம் பெரும்பாலும் அது இருக்காது. ஜப்பானிலிருந்து வரும் ஜெர்மன் காருக்கு இந்தச் சலுகை கிடையவே கிடையாது. சுங்கத் தாள் போடும் முன்பே சுங்க ஏஜென்டிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்கைலைன்:
30 வயது தாண்டிய கார்களைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தயாரிப்பு நின்ற மாடல், சேசிஸ், பாடி, ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின், கியர்பெட்டி பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் சுங்க அட்டவணையில் 9705 என்ற தலைப்பில் வரும். தீர்வை இல்லை, வாட் 5 சதவீதம். மேலே சொன்ன அதே கணக்குக்கு 9,500இல் 5 சதவீதம், 475 பவுண்டோடு முடிந்தது.

ஏஜென்ட் மேசை:
சரி, ஆனால் ‘மாற்றமில்லாமல்’ என்ற சொல்லில்தான் வம்பு. ஏலத்தில் காரின் நிலையை எழுதிக் கொடுக்கும் தாளிலேயே காயில்ஓவர் (உயரம் மாற்றும் சஸ்பென்ஷன்), வேறு டர்போ, எஞ்சின் மாற்று என்று எழுதியிருக்கும் காருக்கு 9705 கேட்காதீர்கள். மறுத்தால் வித்தியாசத் தொகையைக் கட்டும்வரை கார் அங்கேயே நிற்கும். வயதுக்குத் தயாரிப்பு மாதம்வரை ஆதாரம் வையுங்கள். ஜப்பான் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு தேதி. அதற்கும் முன்னால் தயாரானது என்று காட்ட வேண்டுமானால் வேறு தாள் தேவை.

கிழக்கு ஹாம் கணக்கு:
பணம் அனுப்புவது பற்றி. சுங்க ஏஜென்ட் வரியைத் தன் கணக்கிலிருந்து கட்டினாலும் உங்கள் பணம் சேர்ந்தபிறகுதான் ரிலீஸ் கொடுப்பார். ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வங்கி வரம்பை முன்பே பாருங்கள். புதிய கணக்குக்குப் பெரிய தொகை போனால் வங்கி நிறுத்தி வைத்து விசாரிக்கும். வெள்ளி மதியம் அனுப்பி அது திங்கள்வரை மாட்டிக்கொண்டால் சனி, ஞாயிறு வாடகை உங்கள் தலையில். வாடகை இல்லாத இலவச நாட்கள் எத்தனை, அதில் வார இறுதி சேருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும்.

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால் ஒரு பென்னி கூட அனுப்பாதீர்கள். அஞ்சல் பெட்டியில் நுழைந்து உண்மையான இன்வாய்ஸையே எண் மாற்றி அனுப்புகிற கூட்டம் இருக்கிறது. அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டு, முதலில் பேசிய பழைய எண்ணுக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ரயர்க்கடை:
எடுக்கப் போற அன்றைக்கு வெறுங்கையோட போகாதேங்கோ. ரோரோ (காரை ஓட்டியே ஏத்தி இறக்கிற) கப்பலிலை பெற்றோல் கொஞ்சம்தான் விட்டிருப்பினம், பெற்றோல் முடியுது எண்ட விளக்கு எரிஞ்சபடிதான் கார் நிக்கும். பத்து லீற்றர் கான், செத்த பற்றரியை ஸ்டார்ட் பண்ணுற ஜம்ப் பாக், கால் பம்ப், பத்து மில்லிமீற்றர் ஸ்பானர் கட்டாயம். பற்றரி செத்திருந்தா இங்கத்தைய பற்றரி உடனே பொருந்தாது. ஜப்பான் பற்றரியிலை 55B24L மாதிரி எண் போட்டிருக்கும். நடுவிலை B இருந்தா முனை பெரும்பாலும் மெல்லிசு, இங்கத்தைய தடிச்ச முனைக்குக் கிளாம்ப் ஏறாது. கடைசி எழுத்து L, R எண்டது முனை எந்தப் பக்கம் எண்டு சொல்லும். படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ.

பிரேக் டிஸ்க் கடல் காத்திலை சிவந்து பிரேக் பாட்டோட ஒட்டிக்கிடக்கும். இழுத்துப் பறிக்காதேங்கோ, முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டினா விடும். ஹாண்ட்பிரேக்கோட வந்த காரெண்டா பின் சில்லைத் தட்ட வேண்டி வரும்.

உள்ளுக்கு விடுறதுக்கு ரிலீஸ் எண், படத்தோட அடையாள அட்டை, மஞ்சள் ஜாக்கெட், முன் மூடின சப்பாத்து கேப்பினம். முக்கியமானது இதுதான்: கேற்றைத் தாண்ட முதல் காரை வடிவாச் சுத்திப் பாருங்கோ. ஏலப் படத்தை போனிலை வைச்சு நாலு மூலை, கண்ணாடி, ரிம் எல்லாம் ஒப்பிட்டு, காயம் இருந்தா ஒப்படைக்கிற தாளிலையே எழுதுவியுங்கோ. கியர் குமிழ், கார்ப்பெட், சில்லுப் பூட்டு நட்டுத் திறப்பு காணாமப் போறதும் உண்டு.

ஏஜென்ட் மேசை:
கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், வழக்கு போட ஒரு வருடம். கடல் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதி அப்படி. மலிவான கடல் காப்பீடு பெரும்பாலும் கார் முழுதாக அழிந்தால் மட்டும்தான் தரும். கீறலுக்கு வராது.

பழைய ஸ்கைலைன்:
வெளியே எடுத்தாயிற்று, ஓட்டிக்கொண்டு லண்டன் வரலாமா? நம்பர் பிளேட் இல்லாத கார். முன்பதிவு செய்த எம்.ஓ.டி. (சாலைத் தகுதி) சோதனைக்கோ ஐ.வி.ஏ.வுக்கோ (தனி வாகன ஒப்புதல் சோதனை), காப்பீட்டோடு போகலாம். சோதனையைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எண்பது மைல் தள்ளி லண்டனில் போட்டுவிட்டு வழியில் போலீஸ் மடக்கினால் பேச வேண்டியிருக்கும். காப்பீடு சேசிஸ் எண்ணில் எடுக்க வேண்டும். ஜப்பான் எண் 17 எழுத்து இருக்காது என்பதால் இணையப் படிவம் ஏற்காது. இறக்குமதிக் காருக்கான புரோக்கருக்குப் போன் போடுவதுதான் வழி. இதெல்லாம் தலைவலி என்றால் டிரெய்லர்.

பத்து வருடத்துக்குள் என்றால் ஐ.வி.ஏ., அதற்கு மேல் எம்.ஓ.டி. போதும். இரண்டிலும் பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட் பார்ப்பார்கள். ஜப்பான் காரில் அது பெரும்பாலும் இருக்காது. வலப் பக்கமோ நடுவிலோ, பிரேக் விளக்கிலிருந்து 100 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எரிகிறது என்று காட்டும் சின்ன விளக்கு டேஷ்போர்டில் வேண்டும். முன்விளக்கில் கவலை இல்லை, ஜப்பானிலும் இடப் பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

ரயர்க்கடை:
சோதிக்கிறவரிட்டை ஓடின தூரம் கிலோமீற்றர் எண்டு வாயாலை சொல்லுங்கோ. 1,20,000 கிலோமீற்றரை மைல் எண்டு பதிஞ்சிட்டா, பிறகு கிலோமீற்றரை மைலாக் காட்டுற சிப் போட்டு 75,000 காட்டேக்கை மீற்றரைத் திருப்பின கார் மாதிரி வரலாற்றிலை நிக்கும். விக்கிற நேரம் ஆரும் நம்பமாட்டினம்.

கிழக்கு ஹாம் கணக்கு:
நோவா அறிவிப்பை, அதாவது கார் நாட்டுக்குள் வந்ததை எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிவிப்பதை, மறக்காதீர்கள். கார் வந்து 14 நாளுக்குள். ஏஜென்ட் போடுகிறாரா, நீங்களா என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். ‘அவர் போட்டிருப்பார்’ என்று இரு பக்கமும் நினைத்துத் தாமதித்தால் அபராதம், நோவா இல்லாமல் வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. பதிவும் செய்யாது. அதற்குப் பிறகு பதிவுக்கான வி55/5 படிவம், மொழிபெயர்ப்போடு ஜப்பான் சான்றிதழ், எம்.ஓ.டி., அடையாளச் சான்று, முகவரிச் சான்று, முதல் பதிவுக்கு 55 பவுண்டு, சாலை வரி. ஜப்பான் சான்றிதழின் அசல் போகிறது, எல்லாப் பக்கமும் ஸ்கேன் செய்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய ஸ்கைலைன்:
எண் வந்தபிறகு பிளேட். ஜப்பான் பிளேட் இடம் 330க்கு 165 மில்லிமீட்டர், நம்முடைய நீளப் பிளேட் 520க்கு 111. பம்பரில் உட்காராது. அப்படி உட்காராத இறக்குமதிக் காருக்கு மட்டும் 64 மில்லிமீட்டர் எழுத்துள்ள சின்னப் பிளேட் அனுமதி உண்டு. இடம் இருந்தும் அழகுக்காகப் போட்டால் அது குற்றம்.