மறுமொழி: ‘டெயிலிங்ஸ்’ என்பதற்குத் ‘தாதுச்சக்கை’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தாதுவிலிருந்து வேண்டிய கனிமத்தைப் பிரித்தெடுத்தபின் ஆலையில் மிஞ்சுவதை ஆங்கிலத்தில் ‘டெயிலிங்ஸ்’ (tailings) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தாதுச்சக்கை’ என்று வைக்கலாம் என்ற என் முன்மொழிவுக்கு வந்த மடல்களையெல்லாம் படித்தேன். தனித்தனியாக எழுதினால் இழை சிதறிவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன். மடல் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘சுரங்கக் கழிவு’ என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். புரியவும் செய்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வெட்டியெடுத்துக் குன்று குன்றாகக் குவித்திருக்கிறார்கள். அதுவும் சுரங்கக் கழிவுதான். ஆனால் அது ஆலைக்குள் போகாத மண்; எந்த வேதிப்பொருளும் படாதது. டெயிலிங்ஸ் முற்றிலும் வேறு. தாதுப் பாறையை உடைத்து, தண்ணீர் விட்டு மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையிலோ காந்தத்தாலோ சயனைடுக் கரைசலாலோ வேண்டிய கனிமத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் குழாய் வழியே வெளியேறும் குழம்புக்குத்தான் அந்தப் பெயர்.

அதன் அளவையும் பாருங்கள். தாதுவில் 0.5 விழுக்காடு செம்பு இருக்கிறது என்றால், ஒரு டன் அரைத்தால் அடர்ப்பித்த தாதுவாக, அதாவது செம்பு செறிந்த பொடியாகத் தேறுவது 20 கிலோவுக்குள்தான். மீதி 980 கிலோ குழம்போடு போகிறது. தங்கத் தாதுவில் டன்னுக்குச் சில கிராம்தான் தங்கம். அரைத்தது கிட்டத்தட்ட அத்தனையும் மீதிதான். இவ்வளவு பெரிய பொருளுக்குத் தனிப்பெயர் இல்லாமல் எப்படித் தமிழில் கனிமப் பொறியியல் எழுதுவது?

எனக்கு இது பாடநூல் மொழியைப் பற்றிய கவலை மட்டுமில்லை. 2019 ஜனவரி 25-இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், புருமாடின்யோ அருகே ஓர் இரும்புச் சுரங்கத்தில் டெயிலிங்ஸைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். மதிய உணவு வேளை. தொழிலாளர் உணவகம் அணைக்குக் கீழேயே இருந்தது. ‘அணை உடைந்தது’ என்று மட்டும் தமிழில் எழுதினால் ஆற்றணை என்றே தோன்றும். ‘கழிவு சரிந்தது’ என்று எழுதினால் குப்பைமேடு சரிந்தது போல் இருக்கும். நடந்தது இரண்டுமில்லை. 86 மீட்டர் உயரமான அந்த அணைக்குள் குழம்பு விடுவதை 2016-இலேயே நிறுத்தியிருந்தார்கள். மேலே பார்த்தால் திடமான நிலம். உள்ளே நீர் வடியாமல், துகள்கள் தளர்வாகவே கிடந்தன. ஒரு நொடியில் அவை பிடிப்பிழந்து, மொத்தமும் திரவம் போல ஓடத் தொடங்கியது. திடம் போலத் தோன்றித் திரவமாக ஓடக்கூடிய பொருள் என்பதுதான் டெயிலிங்ஸின் ஆபத்து. அந்தப் பொருளைத் தனியே சுட்டும் சொல் இருந்தால்தான் ஆபத்தையும் தமிழில் விளக்க முடியும்.

> ‘கசடு’ இருக்கிறதே? பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே உண்டு.

உண்டு, ஆனால் அது உலைக்குரிய சொல். தாதுக்கூளமும், அதை எளிதில் உருக்குவதற்காகச் சேர்க்கும் இளக்கியும் சேர்ந்து உருகி, உலோகத்தின் மேல் மிதப்பது கசடு. ஆறினால் கல் போலவும் கண்ணாடி போலவும் இறுகும். அரைத்துச் சிமெண்டில் சேர்க்கிறார்கள். நெருப்பில் பிறந்ததையும் நீரில் பிறந்ததையும் ஒரே சொல்லால் அழைத்தால், நன்றாக நிலைத்துவிட்ட சொல்லையும் கெடுத்துவிடுவோம். தாதுக்கூளமும் சரிவராது. அது பாறையிலேயே, பிரிப்பதற்கு முன்னாலேயே இருக்கும் வேண்டாத கனிமம். பிரித்த பின் மிஞ்சுவதில் கூளத்தோடு, தப்பிப்போன தாதுத்துகளும் நீரும் சேர்த்த வேதிப்பொருளும் கலந்திருக்கும்.

‘வால்மண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆங்கிலச் சொல்லில் ‘டெயில்’ (வால்) இருப்பதை அறியாதவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. விட்டுவிடலாம்.

‘தாதுமண்டி’யை முன்வைத்த அக்காவுக்கு: உங்கள் சொல்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அடியில் படிவது மண்டி. எண்ணெய் மண்டி என்று இன்றும் சொல்கிறோம். நுண்துகள் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. ஆனால் வெங்காய மண்டி, அரிசி மண்டி என்று பழகிய காதுக்குத் தாதுமண்டி என்றால் தாது விற்கும் இடமாகத்தான் படும். சேலம் பக்கம் பலகையில் எழுதி வைத்தால் லாரி வந்து நிற்கும். ‘சேறு’ என்று முடியும் சொற்களிலும் ஒரு சிக்கல். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சுவதைச் ‘செஞ்சேறு’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம், அது அப்படியே இருக்கட்டும். பொதுச்சொல்லாகச் சேறு வந்தால், நீரைப் பிழிந்து உலர்வாக அடுக்கும் புது முறைக்கு ‘உலர்சேறு’ என்று முரணாகச் சொல்ல வேண்டிவரும்.

இப்போது ‘சக்கை’. சாறு எடுத்தபின் நிற்பது சக்கை. ஈரமாகவும் இருக்கலாம், காய்ந்தும் இருக்கலாம். ஒரு செயலுக்குப் பின் மிஞ்சியது என்பது சொல்லிலேயே இருக்கிறது. தாதுக்கூளம், தாதுச்சக்கை என்று இணையாக வைத்தால் பிரிப்புக்கு முன், பிரிப்புக்குப் பின் என்ற வேறுபாடு மாணவருக்கு உடனே பிடிபடும்.

> எங்கட பக்கத்தில சக்கை எண்டால் வெடிமருந்துதான் முதலில ஞாபகம் வரும். சுரங்கத்திலயும் வெடிமருந்து புழங்குமே, குழப்பம் வராதோ?

இது இழையிலேயே கனமான மறுப்பு. ஈழத்து வழக்கை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. எழுதியதற்கு மிகவும் நன்றி. குமரியில் சக்கை என்றால் பலா, அதனால் யாருக்கும் கேடில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் வெடிமருந்துக்கும் மிச்சத்துக்கும் ஒரே சொல் என்பது விளையாட்டில்லை. ஆகவே ‘சக்கை’யைத் தனியாக எழுதக்கூடாது, எப்போதும் ‘தாதுச்சக்கை’ என்று முழுமையாகவே எழுத வேண்டும் என்று விதியாகவே சொல்லிவிடலாம் என நினைக்கிறேன். இதற்குப் பிறகும் உங்களுக்கு உறுத்தினால் தயங்காமல் சொல்லுங்கள். ஈழத்தில் ஒட்டாத சொல்லைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு மறுப்பும் வந்தது: சக்கை என்றால் இனி ஒன்றும் இல்லை என்று பொருள்படுமே, தாதுவின் மிச்சத்தில் மதிப்பு இருக்கிறதே என்று. கரும்புச் சக்கை ஆலைக்கு எரிபொருள் ஆகிறது, காகிதமும் ஆகிறது. சக்கை என்று சொல்வதால் யாரும் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கோலார் தங்கவயலைப் பாருங்கள். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அவர்கள் வெட்டித் தந்த பாறைதான் அரைபட்டு, சயனைடில் ஊறி, இன்று ஊருக்கு நடுவே சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கிறது. கோடைக்காற்றில் அந்தப் பொடி வீடுகளுக்குள் வருகிறது. அதே குன்றுகளில் பழைய முறைக்குத் தப்பிய தங்கம் கொஞ்சம் மிச்சமிருப்பதால், அவற்றை மறுபடி பதப்படுத்தும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அங்குள்ள தமிழர்கள் தங்கள் வாசலில் நிற்கும் பொருளைப் பற்றித் தங்கள் மொழியில் கேள்வி கேட்கவும் இந்தச் சொல் உதவ வேண்டும் என்பது என் ஆசை.

சரி, சொல் தனியாக நின்றால் போதாது, குடும்பமாக வர வேண்டும். நான் எழுதிப் பார்த்தவை: குழாயில் ஓடும் நிலையில் ‘தாதுச்சக்கைக் குழம்பு’, தேக்கி வைக்கும் இடம் ‘தாதுச்சக்கைத் தேக்கம்’, வடிகட்டி அழுத்தி நீரைப் பிழிந்து அடுக்குவது ‘பிழிந்தடுக்கல்’. தடுத்து நிற்பதைக் ‘கரை’ என்போம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஏரிக்கரை போல மண்ணால் ஆனதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘அணை’ என்றே வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கரை என்றால் சிறியதாக, பழகியதாகத் தோன்றும். பேரணைக்கு என்ன கணக்கும் காவலும் உண்டோ அதெல்லாம் இதற்கும் வேண்டும்.

அணையைப் படிப்படியாக உயர்த்தும் மூன்று முறைகளுக்கும் பெயர் வேண்டும். ஒவ்வொரு புதுப் படியையும் உள்பக்கம் தள்ளி, கொட்டிய தாதுச்சக்கையின் மேலேயே கட்டுவது ஒன்று. செலவு குறைவு, ஆபத்து அதிகம். புருமாடின்யோ அணை இந்த வகை. 2015 நவம்பர் 5-இல் அதே மாநிலத்தில் மரியானா நகராட்சிப் பகுதியில் உடைந்து 19 பேரைக் கொன்ற ஃபுண்டாவ் அணையும் இதே வகைதான். அதன் குழம்பு டோசி ஆற்று வழியாக அட்லாண்டிக் வரை போனது. 2019-க்குப் பிறகு பிரேசில் இந்த முறையையே தடை செய்துவிட்டது. இதற்கு ‘உட்சாய் உயர்த்தல்’ என்கிறேன். வெளிப்பக்கம் அகலப்படுத்திக்கொண்டே போவது ‘வெளிச்சாய் உயர்த்தல்’, நட்ட நடுவில் நேராக ஏற்றுவது ‘நேர் உயர்த்தல்’. ஆங்கிலத்தில் ஆற்றின் மேல்பக்கம், கீழ்பக்கம் என்று சொல்வதைவிட இது படம் வரைந்தது போல விளங்கும் என நம்புகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. துகள்கள் பிடிப்பிழந்து திரவம் போல ஓடும் அந்த நிகழ்வுக்கு என்ன சொல்வது? ‘திரவமாதல்’ வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்குவதற்குப் போய்விட்டது. ‘குழம்பாதல்’ பலவீனமாக இருக்கிறது. ‘பிடிவிடல்’ என்று ஒன்று தோன்றுகிறது. துகளுக்குத் துகள் இருந்த பிடி விட்டுப்போவதுதானே அடிப்படை? நிலநடுக்கத்தில் கட்டடங்கள் புதைவதற்கும் இதே நிகழ்வு காரணம் என்பதால், குழுவில் இருக்கும் கட்டடப் பொறியாளர்கள்தான் இதில் முதலில் பேச வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்